ராத்திரி பனி உறைந்ததா? வசந்தகால மலையேற்றத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வசந்தகாலத்தில் பனிமலைக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ராத்திரி வானம் தெளிவா இருந்துச்சா?" என்றுதான். மேகமில்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் மேலே மெல்லிய ஓடு, அடியில் சொதசொதவென்று ஈரம்; அப்படி இறுகாத பனிதான் மொத்தமாகப் பெயர்ந்து பனிச்சரிவாகக் கீழே வரும். தடியால் குத்திப் பாருங்கள், சட்டென்று உள்ளே இறங்கினால் உறையவில்லை. மழை பெய்திருந்தால் சரிவுப் பக்கமே போகவேண்டாம்.

விடியுமுன் கிளம்புங்கள். வட அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். (இதில்தான் எனக்கும் கூட வருகிறவர்களுக்கும் சண்டை.) பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும், போனிலேயே அளக்கலாம். முகட்டில் தொங்கும் பனி விளிம்புக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

டிரான்சீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), குத்தித் தேடும் கம்பி, ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு சில நிமிடங்களிலேயே மளமளவென்று குறையும். ஷவல் அலுமினியமாக வாங்குங்கள்; சரிந்து இறுகிய ஈரப்பனியில் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.