அடுக்குத்தும்மலுக்கு இஞ்சி, மஞ்சள்: எப்படி எடுப்பது?

திருப்பூரில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பஞ்சுத்தூசியில் வேலை பார்த்துவிட்டு, மூக்கொழுக செட்ரிசின் (அலர்ஜி மாத்திரை) வாங்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: "ஏனுங்க்கா, இதுக்குக் கைவைத்தியம் எதுமில்லீங்களா?"

இருக்கிறது. ஆனால் தும்மல் பிடித்த அன்றைக்குக் குடித்துவிட்டு அன்றைக்கே நிற்க வேண்டும் என்றால் ஆகாது. 2020இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் மூக்கு அலர்ஜி உள்ள 80 பேர். ஒரு பாதிக்கு தினம் 500 மில்லிகிராம் இஞ்சி எக்ஸ்ட்ராக்ட், மறுபாதிக்கு லோரடடின் என்ற அலர்ஜி மாத்திரை. ஆறு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தந்தன. இஞ்சியில் தூக்கக்கலக்கம் குறைவு. அது செறிவாக்கிய இஞ்சி. டீயில் தட்டிப்போடும் துண்டு தொண்டைக்கு இதம், அவ்வளவுதான்.

மஞ்சளுக்கும் 2016இல் 241 பேரிடம் ஆய்வு நடந்தது. இரண்டு மாதம் மஞ்சளின் சத்தான குர்குமின் எடுத்தவர்களுக்குத் தும்மல், ஒழுகல், அடைப்பு மூன்றும் குறைந்தன. ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் அதில் குர்குமின் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதுவும் குடலில் லேசில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறும், கொழுப்பும் உதவும். ஆகவே ஆடை எடுக்காத பாலில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அப்போதே நுணுக்கிய இரண்டு மூன்று மிளகு போட்டு ஒரு கொதி விட்டு, சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். அடியில் தங்குவதைக் கலக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். ஆய்வில் கொடுத்த அளவு இதில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேப்சூல் வாங்குவதானால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'மஞ்சள் 500 மி.கி.' என்றால் வெறும் பொடி. குர்குமின் எத்தனை மி.கி. என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்றை ஆரம்பிக்காதீர்கள். எது கேட்டது என்றே தெரியாது. டாக்டர் எழுதிய மூக்கு ஸ்பிரேயை இதற்காக நிறுத்தவும் வேண்டாம்.

செடி என்றால் சும்மா இல்லை. எகிப்துப் பக்கம் விளையும் ஒரு செடியில் உள்ள கெல்லின் என்ற சத்திலிருந்து ஆராய்ச்சி போய்த்தான் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா, அலர்ஜி மருந்து வந்தது. ராஜர் ஆல்டூன்யன் என்ற ஆஸ்துமாக்கார டாக்டர் தன் மீதே சோதித்துக் கண்டது. அந்த வீரியம் உடம்பிலும் வேலை காட்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் கேப்சூலைத் தொடாதீர்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு மிளகுச் சத்துள்ள கேப்சூல் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு பக்கம் மட்டுமே அடைப்பு, மூக்கில் ரத்தம், மூச்சிளைப்பு என்றால் என் கடைக்கு வராதீர்கள். நேரே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.