குரோமியம் அகற்றிய பிறகு நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி?

ஆலை இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டி எடுத்து, நீரையும் இறைத்துச் சுத்திகரித்துவிட்டார்கள் என்றால் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். இறைப்பதை நிறுத்தியதும், களிமண்ணில் தங்கிய குரோமியம் 6 (தண்ணீரில் எளிதில் கரையும் நச்சு வடிவம்) மெல்லக் கசிந்து அளவு மறுபடி ஏறலாம், அதனால் சில வருடங்கள் விடாமல் பார்க்க வேண்டும்.

நிலத்தடி நீரோட்டத்துக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, ஆலை வளாகத்தில் ஒன்று, கீழ்பக்கம் ஊர் போர்வெல்களுக்கு முன்னால் குறைந்தது இரண்டு வேண்டும். காவிரி டெல்டாவில் நீர்மட்டம் வாய்க்காலோடு சேர்ந்து ஏறி இறங்கும். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதற்கு முன் மே மாதம் ஒரு மாதிரி, வாய்க்கால் ஓடும்போது ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று எடுங்கள். நீர்மட்டத்தையும் கூடவே அளந்து எழுதுங்கள், ஆற்றுத் தண்ணீர் கலந்து எண் குறைந்ததா, நிஜமாகவே குறைந்ததா என்பது அப்போதுதான் புரியும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கெடுகிறது. குழாயில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, பிஎச்சும் மின்கடத்துத்திறனும் நிலையாக நின்றதும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டு பாட்டிலில் பிடியுங்கள். மொத்தக் குரோமியம் பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடலாம். குரோமியம் 6 பாட்டிலில் ஒரு சொட்டுகூடக் கூடாது, விட்டால் அது நச்சு குறைந்த வடிவமான குரோமியம் 3 ஆக மாறி, விஷமே இல்லாதது போல ரிசல்ட் வரும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதித்துவிடுங்கள்.

குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தண்ணீர் மஞ்சளாகத் தெரிவது இதைவிடப் பல மடங்கு கூடிய பிறகுதான், எனவே தெளிவாக இருக்கிறதே என்று யாரும் குடிக்க வேண்டாம். கீழ்பக்கக் கிணற்றில் எண் ஏறினால் உடனே மறுமாதிரி எடுங்கள், அன்றே ஊரில் சொல்லிவிடுங்கள்.