கடைக் கணக்கைக் கிளவுட்டில் ஏற்றுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் சுன்னாகத்து ஹாட்வெயார் கடையில், ஐப்பசி மழைக்கு இடி விழுந்து கொம்பியூட்டர் எரிந்துபோனது. "பயப்பிடாதையும் பிள்ளை, பென் டிரைவில எல்லாம் கிடக்கு" என்றார் முதலாளி. அந்தப் பென் டிரைவ் கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் செருகியபடியே இருந்தது. அதுவும் செத்துப்போயிருந்தது. மேசன்மாருக்குச் சீமெந்தும் கம்பியும் கடன் கொடுத்த பதினெட்டு மாதக் கணக்கு அதோடு போனது. ஆறு கிழமையாகப் பழைய பில் கட்டுகளைப் பிரித்துவைத்து எழுதினோம். பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது, மீதி கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு கடைக்கும் கணக்கை ஒரே இடத்தில் வைக்க நான் விடுவதில்லை. கிளவுட் என்பது நம் கணக்கின் பிரதியை இணையம் வழியாக வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள பெரிய கணினிகளில் வைப்பதுதான். கடை நனைந்தாலும் எரிந்தாலும் அது அங்கே இருக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்படியான நாளிலும் போனில் சார்ஜும் சிக்னலும் இருந்தால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று பார்க்கலாம். கனடாவில் இருக்கும் பங்காளியும் அங்கிருந்தே ஸ்டொக் பார்க்கலாம்.

முதலில் எது போனால் கடை நிற்கும் என்று பாருங்கள். கடன் கணக்கு, ஸ்டொக், கொள்வனவு பில், சம்பளம், வரிக் கடிதங்கள். இவ்வளவுதான். பாட்டையும் கல்யாணப் படங்களையும் இதோடு ஏற்றவேண்டாம். இங்கே நான் சொல்வது கூகுளின் கிளவுட்டான கூகுள் டிரைவை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம், அதில் ஜிமெயிலும் படங்களும் சேர்த்தி. எக்செல் கணக்குக்கு அது தாராளம்.

அடுத்தது கடையின் பெயரில் தனி ஜிமெயில் முகவரி. கடையில் நிற்கும் பொடியனின் மின்னஞ்சலில் தொடங்கவே கூடாது. அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் நாளைக்கு வெளிநாடு போனால் கணக்கும் அவனோடு போய்விடும். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, முதலாளியின் போன் இலக்கத்தைக் கொடுங்கள். போன் தொலைந்தால் உள்ளே போவதற்குக் கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். அதை அச்செடுத்து, காணி உறுதி வைக்கும் அலுமாரியில் வையுங்கள். வேலையாட்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

அப்புறம் கூகுள் டிரைவ் செயலியைக் கொம்பியூட்டரில் நிறுவி, கணக்குக் கோப்புறையை அதில் இணையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டும் மாதமும் முன்னால் வரட்டும்: 2025-10 கடன், 2025-10 ஸ்டொக் என்று. தேடவே வேண்டியிருக்காது. முதல் ஏற்றம் நேரமெடுக்கும், கடை பூட்டும்போது தொடங்கிவிடுங்கள்.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். இப்படி இணைத்த கோப்புறையில் ஒன்றை அழித்தால் கிளவுட்டிலும் அழியும். குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்கு வேறு பிரதி இல்லாததால் அவை போயே போய்விட்டன. ஆகவே மாதக் கடைசியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கடையில் வைக்கவேண்டாம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடைக் கொம்பியூட்டரைத் தொடாமல், போனில் கடன் கணக்கைத் திறந்து பாருங்கள். கடைசிப் பதிவு நேற்றையதாக இருக்கவேண்டும். போன மாதத்தோடு நின்றிருந்தால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. அன்றைக்கே அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கடை பூட்டவேண்டும்.