பிரவுசரைத் திட்டுவதற்கு முன்: வெப் டெவலப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிரவுசரில் பளிச்சென்று வந்து நிற்கும் பக்கம், இன்னொன்றில் திறந்ததும் அலங்கோலமாகக் கிடக்கும். ஸ்டாண்டர்டில், அதாவது எல்லாப் பிரவுசருக்கும் பொதுவாக வகுத்த விதிகளில், இருக்கிறபடிதானே எழுதினோம், இது மட்டும் ஏன் கேட்க மாட்டேன் என்கிறது என்ற எரிச்சல் இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எரிச்சலில் நியாயமும் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-இல். அடுத்த பதிப்பு வர 2006 அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டும் உலகில் பெரும்பாலானோர் கையில் இருந்தது அதுதான். அதன் கோளாறுகளை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பதே அன்று ஒரு தகுதி.

ஆனால் கோபத்தில் நாம் போடுகிற ஒட்டுகள் அந்தக் கோளாறுகளைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. பிரவுசர் ஒருநாள் திருந்திவிடும், அல்லது போய்ச் சேர்ந்துவிடும். அதற்காக எழுதிய வரி மட்டும் நம் ஃபைலிலேயே கிடந்து, அடுத்து வருகிற நல்ல பிரவுசரின் காலை வாரிவிடும். கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இந்த வகைதான்.

பெயரைக் கேட்டு முடிவெடுப்பது

யூசர் ஏஜென்ட் என்று பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வரி உண்டு. அதைப் படித்து, 'இது சஃபாரி, ஆகவே இந்த வழி' என்று எழுதுவது மிகப் பழைய தவறு. அந்த வரியே ஒரு பொய் மூட்டை. க்ரோமின் வரியைப் பாருங்கள்: மொஸில்லா என்று தொடங்கும், ஆப்பிள்வெப்கிட் என்று சொல்லும், கெக்கோ மாதிரி என்று சொல்லும், கடைசியில் சஃபாரி என்றும் சொல்லும். நடுவில் எங்கோதான் க்ரோம் என்ற உண்மை இருக்கும். பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்திய தளங்களுக்குள் நுழைய, புதிதாக வந்த ஒவ்வொரு பிரவுசரும் பழையவற்றின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதன் விளைவு இது.

பதிப்பு எண்ணும் அப்படியே. ஓபரா 10 வந்தபோது, எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை ஓபரா 1 என்று முடிவுகட்டின. வேறு வழியில்லாமல் ஓபரா தன் பெயருக்குப் பக்கத்தில் 9.80 என்றே நிரந்தரமாக எழுதிவிட்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் தனியாக வைத்தது. 2022-இல் க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது, மூன்று இலக்க எண்ணை எத்தனை தளங்கள் தாங்கும் என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. ஐபேடில் இருக்கும் சஃபாரியோ 2019 முதல் தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது.

பெயருக்குப் பதிலாக வசதியைக் கேளுங்கள். பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்க்கலாம். தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அதற்கென்றே 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கிறது. சரி, இதிலும் ஒரு குழி உண்டு. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்குள் அவற்றுக்கு நடுவே இடம் விடுகிற 'கேப்' என்ற பண்பு ஃபயர்ஃபாக்ஸில் 2018-இல் வந்தது, க்ரோமில் 2020-இல், சஃபாரியில் 2021-இல். ஆனால் அதே பெயரில், கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கான கேப் முன்பே இருந்தது. ஆகவே 'உனக்கு கேப் தெரியுமா' என்று கேட்டால் பழைய சஃபாரியும் 'தெரியும்' என்றுதான் சொல்லும். கிரிட்டை நினைத்துச் சொல்கிறது, பொய்யில்லை. அதை நம்பி நீங்கள், பெட்டியைச் சுற்றி இடம் விடும் மார்ஜினை எடுத்துவிட்டால் பட்டன்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். உயரமே இல்லாத இரண்டு பெட்டிகளை மேலும் கீழுமாக ஒரு ஃப்ளெக்ஸில் போட்டு, 1 பிக்ஸல் கேப் கொடுத்து, மொத்த உயரம் 1 வருகிறதா என்று ஜாவாஸ்கிரிப்டில் பாருங்கள். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

ஒரு கோளாறை நம்பி இன்னொரு கோளாறைச் சரிசெய்வது

எக்ஸ்ப்ளோரர் 6-க்கு மட்டும் தனி அளவு கொடுக்க அன்று ஒரு தந்திரம் இருந்தது. எச்டிஎம்எல் என்ற உறுப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு சிஎஸ்எஸ் எழுதுவார்கள். எச்டிஎம்எல்லுக்கு மேலே வேறு உறுப்பே கிடையாது என்பதால் ஸ்டாண்டர்டைப் பின்பற்றும் எந்தப் பிரவுசரிலும் அந்த விதி எதற்கும் பொருந்தாது. எக்ஸ்ப்ளோரர் மட்டும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளும். அதாவது, விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் செலக்டரைப் புரிந்துகொள்வதில் இருந்த கோளாறைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தை அடுக்குவதில் இருந்த கோளாறைச் சரிசெய்தார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எக்ஸ்ப்ளோரர் 7 வந்ததும் செலக்டர் கோளாறு போய்விட்டது. அடுக்கும் கோளாறுகளில் சில போகவில்லை. தந்திரத்தை நம்பியிருந்த பக்கங்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் 2005-இலேயே மைக்ரோசாஃப்ட் குழு, இந்த ஹேக்குகளை எடுத்துவிடுங்கள் என்று டெவலப்பர்களிடம் கேட்டுக்கொண்டது. ஸ்டாண்டர்டை மதிக்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் திட்டு வாங்கியவர்கள், மதிக்கத் தொடங்கியபோதும் திட்டு வாங்கினார்கள். பாவம்தான்.

இன்றைக்கும் ஒட்டுப் போடாமல் முடியாது. போடும்போது பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, என்ன ஆகிறது, பிரவுசர்காரர்களின் பிழைப் பட்டியலில் அது எந்த எண். குறிப்பில்லாத ஹேக்கைத் தொட பின்னால் வருகிறவருக்குத் தைரியம் வராது. அது அங்கேயே வேர்விட்டுவிடும்.

முன்னொட்டை மட்டும் எழுதிவிட்டுப் போவது

புதிய சிஎஸ்எஸ் வசதிகளைச் சோதனைக்காக சஃபாரி, க்ரோமின் 'வெப்கிட்', ஃபயர்ஃபாக்ஸின் 'மொஸ்' போன்ற முன்னொட்டுடன் பிரவுசர்கள் வெளியிட்ட காலம் ஒன்று இருந்தது. சோதனைக்கு என்று கொடுத்ததை நாம் நேரடியாகத் தளங்களில் வைத்தோம். அதிலும் பலர் வெப்கிட்டுக்கு மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். மொபைலில் அந்தத் தளங்கள் மற்ற பிரவுசர்களில் உடைந்தன. 2012-இல் ஓபரா, வேறொருவரின் முன்னொட்டான வெப்கிட்டைத் தானும் ஏற்பதாக அறிவித்தது. 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் 49-உம் அதே வழிக்கு வந்தது. இங்கே ஸ்டாண்டர்டை உடைத்தது பிரவுசர் அல்ல, நாம்.

முன்னொட்டை நீக்கினால் போதும் என்பதும் தவறு. ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னொட்டு வைத்த வடிவத்தில் 'டாப்' என்றால் நிறம் மேலிருந்து தொடங்கும் என்று பொருள். ஸ்டாண்டர்ட் வடிவத்தில் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆகவே அதே படத்துக்கு 'டு பாட்டம்' என்று எழுத வேண்டும். கோணமும் மாறிவிட்டது. பழையதில் 0 டிகிரி வலப்பக்கம், அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசை. புதியதில் 0 டிகிரி மேல்பக்கம், கடிகாரத் திசை. எண்ணை அப்படியே விட்டுவிட்டு முன்னொட்டை மட்டும் அழித்தால், நிறம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இன்னொன்று: ஸ்லைடரின் குமிழுக்கு நிறம் கொடுக்க, வெப்கிட் பெயரையும் மொஸ் பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே விதியில் எழுதுகிறோம். க்ரோமில் எதுவுமே நடக்காது. பட்டியலில் ஒரு செலக்டர் புரியாவிட்டால் விதி முழுவதையும் தூக்கிப் போடு என்பது சிஎஸ்எஸ்ஸின் சட்டம். க்ரோம் சட்டப்படிதான் நடக்கிறது. இரண்டையும் தனித்தனி விதியாக எழுதினால் வேலை முடிந்தது.

ஸ்டாண்டர்ட் தராத வாக்குறுதியை நம்புவது

எனக்கு இதுதான் மிகப் பெரிய தவறாகத் தெரிகிறது, ஏனென்றால் இதில் நாம் திட்டுகிற பிரவுசர் பெரும்பாலும் குற்றமற்றது.

பட்டியலை வரிசைப்படுத்தும் ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' உங்களுக்குத் தெரியும். பெயர்வாரியாக அடுக்கிய ஒரு பட்டியலைத் துறைவாரியாக மறுபடி அடுக்கினால், ஒரே துறைக்குள் பெயர் வரிசை கலையாமல் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இது உறுதி என்று ஸ்டாண்டர்ட் சொன்னதே 2019 பதிப்பில்தான். அதற்கு முன் க்ரோம், 10 உறுப்புகள் வரை உள்ள பட்டியலுக்கு ஒரு முறையும் அதற்கு மேல் வேறு முறையும் வைத்திருந்தது. முதல் முறையில் வரிசை காக்கப்படும், இரண்டாவதில் உத்தரவாதம் இல்லை. டெவலப்பர் சோதித்துப் பார்க்கிற பட்டியலில் ஆறேழு பெயர் இருக்கும், எல்லாம் சரியாக வரும். நிஜத் தகவல் வந்து பதினொன்றாவது பெயர் சேர்ந்ததும் வரிசை கலையும். பிரவுசரைத் திட்டலாம்தான், ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டித் திட்டுவது?

இதன் தம்பி ஒன்று உண்டு. சார்ட்டுக்கு நாம் எழுதித் தரும் ஒப்பிடும் ஃபங்ஷன் எதிர்ம எண், சுழியம், நேர்ம எண் என்று மூன்றில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். பலர் 'இது அதைவிடப் பெரியதா' என்று கேட்டு, ஆம், இல்லை என்ற பதிலோடு நிறுத்திவிட்டார்கள். எதிர்ம எண் வரவே வராது. பழைய க்ரோமில் அது வேலை செய்வதுபோலவே தெரிந்தது. 2018-இல் க்ரோம் 70 அடுக்கும் முறையை மாற்றி நல்லதாக்கியது. அன்றைக்கு இந்த ஃபங்ஷன்களின் சாயம் வெளுத்தது.

தேதியும் அப்படியே. ஆண்டு, மாதம், நாள், ஒரு இடைவெளி, அப்புறம் மணி என்று எழுதிய சரத்தைத் தேதியாக மாற்றச் சொன்னால் க்ரோம் மாற்றித் தரும். பழைய சஃபாரி 'செல்லாத தேதி' என்று கைவிரிக்கும். சஃபாரி மோசம் என்பார்கள். நாளையும் மணியையும் சேர்த்து எழுத ஸ்டாண்டர்ட் வகுத்த வடிவத்தில் இரண்டுக்கும் நடுவில் 'டி' எழுத்து வரும். இடைவெளி விட்டு எழுதியதை என்ன செய்வது என்பது அந்தந்தப் பிரவுசரின் விருப்பம். இன்னொரு விசித்திரமும் இதில் இருக்கிறது: நாளை மட்டும் எழுதினால் அது உலகப் பொது நேரம், மணியையும் சேர்த்து எழுதி மண்டலம் சொல்லாவிட்டால் உள்ளூர் நேரம். இது ஸ்டாண்டர்டே வைத்திருக்கிற குழி, இதில் எல்லாப் பிரவுசரும் சேர்ந்தே விழ வைக்கும்.

சில இடங்களில் பிரவுசர் தெரிந்தே நம் பேச்சைக் கேட்காது. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விடாதே என்று நாம் எழுதுவதை ஐஃபோன் சஃபாரி 2016-இலிருந்து மதிப்பதில்லை. பார்வை மங்கியவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. இதை உடைக்க வழி தேடாதீர்கள். பட்டனும் தேர்வுப் பெட்டியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்றும் எந்த ஸ்டாண்டர்டும் சொல்லவில்லை.

வரைவை ஸ்டாண்டர்ட் என்று நினைப்பது

க்ரோமில் வந்துவிட்டது, வரைவு ஆவணமும் இருக்கிறது என்பதால் அது ஸ்டாண்டர்ட் ஆகிவிடாது. பிரவுசருக்குள்ளேயே தரவுத்தளம் தந்த வெப் எஸ்க்யூஎல் க்ரோம், சஃபாரி, ஓபரா மூன்றிலும் இருந்தது. மூன்றும் எஸ்க்யூஎல்லைட் என்ற ஒரே மென்பொருளை வைத்தே செய்திருந்தன. சுயமான இரண்டாவது செயலாக்கம் இல்லை என்பதால் வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2010-இல் அந்த வேலையை நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் அதைச் சேர்க்கவே இல்லை. சஃபாரி 2019-இலும் க்ரோம் 2023-இலும் எடுத்துவிட்டன. ஒரு வசதியைத் தொடும் முன் 'பேஸ்லைன்' குறியீட்டைப் பாருங்கள். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆனவற்றை அது 'பரவலாகக் கிடைப்பவை' என்று குறிக்கிறது.

டாக்டைப்புக்கு முன்னால் எதையாவது விடுவது

சின்ன விஷயம், ஆனால் நாள் முழுக்கத் தின்றுவிடும். இது எந்த வகை ஆவணம் என்று சொல்லும் டாக்டைப், பக்கத்தின் முதல் வரியில் இல்லாவிட்டால் பிரவுசர் 'குவிர்க்ஸ்' என்ற பழைய காலப் போக்குக்கு மாறிவிடும். அட்டவணைக்குள் எழுத்தளவு சொன்னபடி வராது, வேறு பல வினோதங்களும் நடக்கும். டாக்டைப் இருந்தும் இப்படி ஆகலாம். சர்வர் ஒரு எச்சரிக்கைச் செய்தியை அதற்கு முன்னால் அச்சிட்டுவிட்டால் போதும். பிரவுசரின் டெவலப்பர் கன்சோலில் 'டாகுமென்ட்'டின் 'காம்பேட்மோட்' என்ன என்று கேளுங்கள். 'பேக்காம்பேட்' என்று வந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம், முதல் வரிக்குப் போங்கள்.

'க்ரோமில் திறந்து பாருங்கள்' என்று எழுதி வைப்பது

ஐஃபோன் வைத்திருப்பவருக்கு இந்த அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. அங்கே க்ரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளே சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். வேறு எஞ்சினுக்கு ஆப்பிள் வழிவிட்டது 2024-இல், ஐஓஎஸ் 17.4-இல், அதுவும் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும். அலுவலகக் கணினியில் எதை நிறுவுவது என்பதும் பலருக்குத் தங்கள் கையில் இல்லை. முழுப் பக்கமும் ஒரே மாதிரி வராவிட்டாலும் படிவம் நிரப்பவும் அனுப்பவும் முடிகிறதா என்று பாருங்கள். அது நடந்தால் அறிவிப்பே தேவையில்லை.

புலம்பிவிட்டு விட்டுவிடுவது

உண்மையிலேயே பிரவுசரின் பிழைதான் என்றால், எழுதிப் போடுங்கள். பிரவுசர்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம் எக்ஸ்ப்ளோரர் காலத்தோடு போயிருக்க வேண்டும். 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா எல்லாம் சேர்ந்து 'இன்டராப்' என்ற பெயரில், எந்த வசதிகள் பிரவுசருக்குப் பிரவுசர் மாறுபடுகின்றன என்று ஆண்டுதோறும் பட்டியலிட்டுச் சரிசெய்கின்றன. மதிப்பெண்ணும் பொதுவில் கிடைக்கிறது.

புகாரில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். இருபது முப்பது வரியில் கோளாறு இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். நீக்கிக்கொண்டே வரும்போது பாதி நேரம் நம் தவறே வெளியே வந்துவிடும், அதுவும் லாபம்தான். கோளாறு அதையும் தாண்டித் தப்பிப் பிழைத்தால் அந்தச் சிறு பக்கம், பிரவுசர் பதிப்பு, என்ன வர வேண்டும், என்ன வந்தது, ஸ்டாண்டர்டில் எந்தப் பகுதி அதைச் சொல்கிறது என்பதோடு அனுப்புங்கள். ஏற்கெனவே அதே புகார் இருந்தால் 'எனக்கும்தான்' என்று எழுதுவதில் பயனில்லை, உங்கள் இருபது வரியை அதில் இணைத்துவிடுங்கள்.