வயிற்றில் பையோடு ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் ஸ்டோமா, அதாவது கழிவு வெளியேறி ஒரு பையில் சேர்வதற்கான திறப்பு, வைக்கப்பட்டவர்கள் மறுபடி ஓட நினைக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, ஓடும்போது பை கழன்று விழுந்துவிடாதா என்பதுதான். சரியாக ஒட்டிய பை வெறும் குலுக்கலால் கழல்வது அரிது. ஆனால் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நாம் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, பட்டினி கிடப்பது, தண்ணீரைக் குறைப்பது, வயிற்றை இறுக்கிக் கட்டுவது, கிளம்பும் நேரத்தில் அவசரமாகப் புதுப் பை மாற்றுவது, இவைதான் பெரும்பாலும் ஓட்டத்தைக் கெடுக்கின்றன. சிறுகுடலை வயிற்றில் திறந்துவிடும் இலியாஸ்டமியோடு சில ஆண்டுகளாக ஓடிவருகிற நானும் இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தவன்தான்.

இவற்றில் மிகவும் ஆபத்தானது, பை காலியாக இருக்கட்டும் என்று முந்தைய இரவே சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு ஓடப் போவது. குடல் காலியாக இருந்தால் கழிவு குறையலாம், ஆனால் காற்று நிறையச் சேரும், பை உப்பும். அதைவிடப் பெரிய சிக்கல் உடம்பின் நீரும் உப்பும். நலமாக இருக்கும் பெருங்குடல், சிறுகுடலிலிருந்து நாள்தோறும் வந்து சேரும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே சோடியத்தையும் திரும்ப இரத்தத்தில் சேர்க்கிறது. இலியாஸ்டமி உள்ளவருக்கு அந்தப் பெருங்குடல் வழியில் இல்லை. அவருடைய பையில் சாதாரண நாளிலேயே அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கழிவு சேரும். அதில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு உப்பு போய்விடுகிறது. இந்த இழப்போடு சென்னையின் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடி வியர்ப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், பட்டினியோடு கிளம்புவது எவ்வளவு தவறு என்பது புரியும். ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு, கழிவைக் கெட்டிப்படுத்தும் இயல்புள்ள வாழைப்பழமோ, குழையாத வெள்ளைச் சோறோ, இட்லியோ அளவாகச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது பையை ஒருமுறை காலி செய்துகொள்வதே போதுமானது.

தண்ணீரை நிறுத்துவதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தாகம் எடுக்கிறது என்று வெறும் தண்ணீரையே பாட்டில் பாட்டிலாகக் குடித்தால், குறிப்பாகக் கழிவு ஏற்கெனவே நீர்த்துப் போகிறவர்களுக்கு, குடல் அந்தத் தண்ணீருக்குள் இன்னும் உப்பை விட்டு வெளியே தள்ளிவிடும்; குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்திருந்தால்தான் சிறுகுடல் அவற்றோடு நீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருப்பதற்கு இதுவே காரணம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செறிவு குடலுக்குள் நீரை இழுத்துப் பையைத்தான் நிரப்பும். சர்க்கரை தூக்கலான குளிர்பானங்களும் அதே வேலையைச் செய்யும். இளநீரைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறதே தவிர சோடியம் குறைவு, ஆகவே ஓட்டத்துக்குப் பின் அதை மட்டும் நம்பக்கூடாது. உப்புப் போட்ட மோரும் உப்புக் கஞ்சியும் நம் சமையலறையில் எப்போதும் கைவசம் இருக்கின்றன. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பெருங்குடலில் திறப்பு வைக்கும் கொலாஸ்டமி உள்ளவர்களுக்கு அந்தக் குடலின் ஒரு பகுதியாவது வேலை செய்வதால் இந்த உப்புக் கணக்கு இவ்வளவு கடுமையானதல்ல. சிறுநீர் வெளியேறத் திறப்பு வைக்கும் யூரோஸ்டமி உள்ளவர்கள் பை நிறைந்துவிடும் என்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்றைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த தவறு, ஓடக் கிளம்பும் கால் மணி நேரத்துக்கு முன்பு புது பிளேட், அதாவது பையைத் தோலோடு பிடித்து நிறுத்தும் பசைத் தகடு, ஒட்டுவது. புதிது என்றால் உறுதியானது என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பிளேட்டின் பசை உடம்புச் சூட்டில் மெல்ல இளகித் தோலின் நுண்ணிய மடிப்புகளில் இறங்கிய பிறகே முழுப் பிடிப்பைப் பெறுகிறது. முந்தைய நாள் மாற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஒட்டியபின் உள்ளங்கையைச் சில நிமிடம் வைத்து அழுத்தி, குறைந்தது ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒட்டும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ, கிரீமோ, ஈரப்பதம் தரும் சோப்போ பட்டிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமையன்று பிளேட் மாற்றாமல் இருப்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். பிளேட்டின் துளையை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா வீக்கம் வடிந்து சுருங்குவதால், மருத்துவமனையில் கொடுத்த பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருப்பவருக்குத் தோல் வெளியே தெரிந்து, வியர்வையோடு கழிவும் பட்டுப் புண்ணாகிவிடும். அதன்பின் எத்தனை டேப் சுற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் கசிவு உள்ளிருந்துதான் தொடங்குகிறது. வெயில் காலத்தில் நான்கு நாள் தாங்கும் பிளேட் இரண்டு நாளே தாங்கினால் அது உங்கள் குறையல்ல. வியர்வை அப்படித்தான் செய்யும், மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுப் பை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். ஒரு மே மாதம் முழுவதும் மாற்றுப் பையும் வெட்டி வைத்த பிளேட்டும் ஸ்கூட்டர் டிக்கிக்குள்ளேயே கிடந்தன. தேவைப்பட்ட நாளில் எடுத்துப் பார்த்தால், பசை இளகி ஓரம் வழிந்து, மேல் தாளை உரித்தபோது பாதிப் பசையும் தாளோடு வந்துவிட்டது. இப்போது இடுப்புப் பையில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுகிறேன்.

இறுக்கிக் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டோமாவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. பெல்ட்டோ, டிராக் பேண்ட்டின் எலாஸ்டிக்கோ, பெண்களுக்குப் பாவாடை நாடாவோ அதன் மேலேயே அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உரசினாலும் நமக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பையில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். துடைக்கும்போது லேசாகக் கசியும் இரத்தம் இயல்பானது என்றாலும், நிற்காமல் வருவதும், ஈரமான சிவப்பாக இருக்க வேண்டிய ஸ்டோமா கருத்துப் போவதும் உடனே காட்ட வேண்டியவை. மேலும், மேலிருந்து அழுத்தினால் கழிவு பைக்குள் இறங்க இடமில்லாமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பிக்கொண்டு பிளேட்டைக் கிளப்பிவிடும். தாங்குபட்டை வேண்டுமென்றால், ஸ்டோமா நர்ஸ் அளவெடுத்துத் தருவதைப் படுத்த நிலையில் அணிந்துகொள்ள வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யும் பழக்கம் அதைவிட முக்கியம்.

எப்போது தொடங்குவது என்பதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் மாதக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்காமல் வயிற்றுத் தசையைத் தளரவிடுகிறார்கள். சிலர் தையல் பிரித்ததுமே ஓடிப் பார்க்கிறார்கள். ஸ்டோமாவுக்காக வயிற்றுச் சுவரில் போட்ட துளை அங்கே ஒரு பலவீனமான இடமாகவே இருக்கும். அதன் ஓரமாகக் குடல் பிதுங்குவதுதான் குடலிறக்கம். நடை, அறுவை முடிந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். ஓட்டத்துக்கும் பளு தூக்குவதற்கும் பொதுவாக மூன்று மாதம் வரை பொறுத்து, அறுவை மருத்துவரின் அனுமதியோடு, ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஏற வேண்டும். உண்மையில் குடலிறக்கத்துக்கு ஓட்டத்தைவிட வீட்டு வேலைகள்தான் அதிகம் காரணமாகின்றன என்பது என் எண்ணம். நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும்; காலையில் கவனமாக மெதுவோட்டம் ஓடிவிட்டு, மாலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கி நகர்த்துவதில் என்ன பயன்? அமெரிக்கக் கால்பந்தில் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணியின் ரோல்ஃப் பெனிர்ஷ்கே 1979இல் குடல் நோயின் கடுமையால் அறுவைகளுக்கு உள்ளாகி, எடையெல்லாம் இழந்து, ஸ்டோமாவோடு 1980இல் மறுபடி ஆடுகளத்துக்கு வந்தார். அவர்கூட அடுத்த ஆண்டின் ஆட்டப் பருவம் வரை காத்திருந்துதான் வந்தார்.

மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் இலியாஸ்டமி உள்ளவர்களுக்கு முழுதாகவே பைக்குள் வந்து விழலாம். நீர் வற்றிய உடம்போடு ஓட்டத்துக்கு முன் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொள்வது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

தலைசுற்றல், காலில் தசைப்பிடிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்து போவது ஆகியவை நீரும் உப்பும் வற்றியதன் அறிகுறிகள்; அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வயிறு பிடித்து இழுத்து, வாந்தியும் வந்து, இலியாஸ்டமிப் பையில் நான்கைந்து மணி நேரமாக எதுவுமே இறங்காவிட்டால் அது அடைப்பாக இருக்கலாம். முந்தைய நாள் சரியாக மெல்லாமல் தின்ற தேங்காயோ மக்காச்சோளமோகூடக் காரணமாகலாம். அப்போது மலமிளக்கி எதையும் குடிக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சட்டைக்குள் பை இருப்பது அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்குத் தெரியாது. ‘எனக்கு இலியாஸ்டமி இருக்கிறது’ என்பதை, வயிற்று வலியைச் சொல்வதற்கும் முன்பாகச் சொல்லிவிடுங்கள்.