பென் டிரைவில் எழுத முடியவில்லையா? ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்

வீட்டுக் கணினியில் எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் 'ரைட் புரொடெக்டட்' (எழுதத் தடை) என்றே வந்தது. அதே டிரைவ் வேறு கணினியில் ஒழுங்காக வேலை செய்ததால் கோளாறு விண்டோஸ் அமைப்பில்தான் என்று தெரிந்துவிட்டது.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. அதைத் திறக்கும் முன், ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று போட்டேன். பல கணினிகளில் இதற்குத் தேவையான சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே கிடக்கும், அதனால் முதலில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல் என்று வரிசையாக இறங்கினால் ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ் என்ற கீ (ஃபோல்டர் போன்ற ஒரு பகுதி) கிடைக்கும். (எல்லாக் கணினியிலும் இது இருக்காது.) அதன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்தக் கீயை மட்டும் ஒரு கோப்பாகச் சேமித்தேன். உள்ளே ரைட் புரொடெக்ட் மதிப்பு 1 என்று இருந்தது, அதை 0 ஆக்கிக் கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

ஒன்று கவனியுங்கள்: எக்ஸ்போர்ட் செய்த கோப்பை டபுள் கிளிக் செய்தால் பழைய மதிப்புகள் திரும்பி வரும், ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்த்தது எதுவும் அழியாது, அதைக் கையால்தான் நீக்க வேண்டும். அலுவலகக் கணினி என்றால் இதைத் தொடவே வேண்டாம், அங்கே வேண்டுமென்றே பூட்டி வைத்திருப்பார்கள்.