குழந்தை பிறந்த வீட்டுக்கு வாழ்த்து எழுதுவது எப்படி? (நான் ஒருமுறை சொதப்பியதிலிருந்து)

போன வைகாசியில் என் பெரியப்பா மகனுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. நான் அப்போது திருப்பூரில் கம்பெனியில் இருந்தேன். பங்காளி வீட்டு வாட்ஸப் குழுவில் செய்தி வந்ததும் முதல் ஆளாக இப்படி அடித்து அனுப்பினேன்:

"அப்பா ஆன அண்ணனுக்கும், அப்பாரு ஆன பெரியப்பாவுக்கும், ஆத்தா ஆன பெரியம்மாவுக்கும் மனமார்ந்த வாழ்த்துகள்! நம்ம வீட்டுக்கு ஒரு சிங்கக்குட்டி வந்தாச்சு!"

மளமளவென்று இதயமாக விழுந்தது. நங்கை மட்டும் ஒன்றும் போடவில்லை. (அண்ணன் மனைவியை எங்க பக்கம் நங்கை என்போம்.) கைக்குழந்தைக்காரி, போன் பார்க்க ஏது நேரம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் குழந்தையைப் பார்க்கத் தாராபுரம் போனேன். நங்கையின் அம்மா காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஏங்கண்ணு, ஆஸ்பத்திரி வராண்டாவுல மூணு ராத்திரி படுத்துக் கெடந்தது நாங்க. வாழ்த்து மட்டும் அங்கியே நின்னுபோச்சாட்டம் இருக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காபி இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் செய்தியைத் தேடி எடுத்துப் படித்தேன். பெற்றவள் பேரே அதில் இல்லை.

அதற்கப்புறம் ஏழெட்டு வீட்டுக்கு எழுதிவிட்டேன். சொந்தத்தில் யாருக்காவது குழந்தை பிறந்தால் "நீயே எழுதிக் குடு" என்று எனக்குப் போன் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. நான் எழுதுகிற முறை இதுதான்.

படி 1: செய்தியை முழுசாக வாங்குங்கள்

பாப்பாவா தம்பியா, தாய் எப்படி இருக்கிறாள், குழந்தை தாய் பக்கத்தில் இருக்கிறதா, ஊருக்குச் சொல்லிவிட்டார்களா. இந்த நான்கும் தெரிந்தால் போதும். பெற்றவர்களைக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சித்தியையோ சின்னம்மாவையோ கேளுங்கள். தெரியாவிட்டால் பொதுவாகக் "குழந்தை" என்று எழுதிக்கொள்ளலாம்.

ஊருக்குச் சொல்லவில்லை என்றால் குழுவில் போடவே கூடாது. தனியாக அனுப்புங்கள்.

படி 2: யார் யாருக்கு? (நான் விழுந்த குழி)

எங்க பக்கம் தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோத்து விருந்து முடிந்ததும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, ராத்திரிக் காவல், செலவு ரசம் (பெற்றவளுக்கு மருந்துச் சாமான் போட்டு வைக்கிற ரசம்) வைப்பது, பூண்டு உரிப்பது எல்லாம் அந்த வீட்டுத் தலையில். ஆனால் நம் போனில் இருப்பதோ பையன் வீட்டு எண்கள். குழுவும் பையன் வீட்டுக் குழு. அதனால் நம்மை அறியாமலே வாழ்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இத்தனைக்கும் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கைக்கு வந்த எண்ணுக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது இது. எழுதும் முன் ஒரு துண்டுத் தாளில் ஆறு பேரை எழுதிக்கொள்வேன்: பெற்றவள், பெற்றவன், அம்மாயி, அப்புச்சி, அப்பாரு, ஆத்தா. அம்மாவைப் பெற்றவர்கள் அம்மாயியும் அப்புச்சியும். அப்பாவைப் பெற்றவர்கள் அப்பாருவும் ஆத்தாளும். ஊருக்கு ஊர் இது மாறும். சில வீட்டில் அமுச்சி, சில வீட்டில் அப்பத்தா, டவுன் பக்கம் எல்லோருமே பாட்டி தாத்தா. அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அதையே போடுங்கள். நீங்களாக ஒன்றைப் போட்டு, "நம்ம வளமை தெரியாதவ" என்று பேர் வாங்காதீர்கள்.

அடுத்தது வரிசை. பெற்றவள் பேர் முதலில், அப்புறம் பெற்றவன். பெரியவர்களைச் சொல்வதாக இருந்தால் இரண்டு வீட்டையும் சொல்லுங்கள், இல்லையென்றால் யாரையும் சொல்ல வேண்டாம். குழுவில் போடுகிற வாழ்த்தில் பெரியவர்களை விட்டுவிடுவதுதான் எனக்குப் பிடித்தது. அம்மாயி வீட்டுக்கு மட்டும் தனியாக ஒன்று அனுப்பிவிடுவேன்.

இரண்டாம் பிரசவம் பெரும்பாலும் வேறு கதை. யார் வீட்டில் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

படி 3: நாலு வரி

நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் போனைப் பிடித்திருப்பவளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். சந்தோசம் ஒரு வரி, வாழ்த்து ஒரு வரி, உங்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று, கடைசியாகப் பதில் வேண்டாம் என்று ஒரு வரி.

அன்றைக்கு நங்கைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இது:

"நங்கை, தம்பி பொறந்தது கேட்டு ரொம்ப சந்தோசம். உங்களுக்கும் அண்ணனுக்கும் வாழ்த்துகள். கட்டுச்சோத்தன்னிக்கு என் கையைப் புடிச்சு வயித்துல வெச்சு 'உதைக்குது பாருங்க'ன்னீங்களே, அந்தக் கால் வெளிய வந்துருச்சு. பதில் எல்லாம் போட வேண்டாம், தூங்குங்க."

அவங்க அம்மாவுக்கு:

"அத்தைக்கும் மாமாவுக்கும் வாழ்த்துகளுங்க. அம்மாயி, அப்புச்சி ஆயிட்டீங்க. நங்கையையும் கொழந்தையையும் நீங்க பாத்துக்கறதுனால நாங்க இங்க நிம்மதியா இருக்கறமுங்க. ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறேனுங்க."

இந்த இரண்டாவதில் எடை முழுக்க மூன்றாம் வரியில்தான் இருக்கிறது. அவர்கள் பார்க்கிற வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

ஆபீஸ் ஆட்கள் என்றால் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். "உங்கள் வீட்டுக்குக் குழந்தை வந்திருப்பது அறிந்து மகிழ்ச்சி. இருவருக்கும் எங்கள் வாழ்த்துகள். இங்கே வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." முடிந்தது. கடைசி வரியை எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும்.

படி 4: வெட்ட வேண்டியவை

சிங்கக்குட்டி முதலில் போகட்டும். அதோடு "மகாலட்சுமி வந்திருக்கா"வும் போகட்டும். இதற்கு என்னோடு சண்டைக்கு வருவீர்கள், தெரியும். பையன் பிறந்தால் "குபேரன் வந்திருக்கான்" என்று யாராவது எழுதுகிறோமா? பொண்ணுக்கு மட்டும் ஒரு சாமியைக் கூட்டி வருகிறோம். அது ஆறுதல் சொல்வது போல இருக்கிறது என்று இரண்டாவதும் பாப்பா பெற்ற என் சிநேகிதி சொன்னாள். அவளுக்கு வந்த வாழ்த்தில் பாதி மகாலட்சுமியாம், மீதி "அடுத்தது தம்பிதான்". பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கமே தொட்டில் வைத்து, 1992ல் பக்கத்துச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய ஞாபகம் இருக்கிற பெரியவர்கள் காதில் இந்த ஆறுதல் தொனி சரியாக விழும். "பாப்பா பொறந்திருக்குது, ரொம்ப சந்தோசம்" என்றாலே போதுமே.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க." இது கல்யாண வாழ்த்து. அதில் சொல்லும் பதினாறு செல்வங்கள்தான் என்றாலும், நேற்றுத்தான் தையல் போட்டு வந்தவளுக்கு இதை அனுப்பினால் அவள் பதினாறு பிள்ளை என்றுதான் படிப்பாள்.

"ஈன்ற பொழுதின்" குறளும் அப்படித்தான். பிறந்த வீட்டு அட்டைகளில் அதைப் போடுகிறார்கள். 69ஆம் குறள் அது. மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்கும்போது, பெற்ற நாளைவிடத் தாய் அதிகம் மகிழ்வாள் என்று சொல்கிறது. பிறந்து மூன்று நாள் ஆன பிள்ளையை யார் சான்றோன் என்றார்கள்? இருபத்தைந்து வருசம் கழித்து அனுப்புங்கள்.

"நார்மலா, சிசேரியனா?" கேட்கவே வேண்டாம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள்.

"யார் சாடை?" என்பதும் வேண்டாம். "அப்படியே அப்பாரு மூக்கு" என்று எழுதினால் திரும்பவும் படி 2 குழிதான்.

"பேர் வெச்சாச்சா?" என்றும் கேட்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், சரி. ஆனால் பேரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. குலதெய்வம், ஜாதகம், எழுத்து என்று இரண்டு வீட்டிலும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நாம் எதற்கு?

"கொழுகொழுன்னு இருக்குது" என்று எழுதினால் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, மிளகாய் நெடி குழந்தைக்கு ஆகாது.

வாழ்த்துக்குள் வைத்தியமும் எழுதாதீர்கள். வசம்பு, சேனைத்தண்ணி, கழுதைப்பால் என்று எனக்கே ஒரு பட்டியல் வந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார்.

அப்புறம் அந்த வாழ்த்துகளா வாழ்த்துக்களா சண்டை. நான் "வாழ்த்துகள்" ஆள். ஒற்று மிகுந்தால் "வாழ்த்துக் கள்" ஆகிவிடும் என்பார்கள். கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிற ஊர்க்காரர்கள் நாம், யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எப்படி எழுதினாலும் அம்மாயி திருத்தப்போவதில்லை.

படி 5: எதில் எழுதுவது

ரோஜாப்பூ நடுவில் வெள்ளைக்காரக் குழந்தை தூங்குகிற படம் ஒன்று எல்லார் போனிலும் இருக்கிறது. அதை அனுப்புவதற்குச் சும்மா இருக்கலாம். சொந்தமாக இரண்டு வரி அடிப்பதுதான் வாழ்த்து. ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்காதீர்கள், பெரியவர்களுக்குப் படிக்க வராது. தமிழ் அடிக்கச் சிரமம் என்றால் போனில் பேசினாலே எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள், நம்ம ஊர்ப் பேச்சு அதற்குச் சரியாகப் புரிவதில்லை. எனக்கு ஒருமுறை "அப்புச்சி" "அப்பு சீ" ஆகிவிட்டது.

நேரில் போனால் கையால் எழுதிய அட்டை. பளபள அட்டையில் ஜெல் பேனா இழுகும், சாதா பால்பாயிண்ட் போதும். பணம் வைக்கிற கவரில் உங்கள் பேரோடு ஊரும் தோட்டத்துப் பேரும் எழுதுங்கள். எங்க சொந்தத்தில் மட்டும் மூன்று பழனிச்சாமி. மொய் நோட்டு எழுதுகிறவர் எந்தப் பழனிச்சாமி என்று போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், குழந்தை எட்டாம் மாதமே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் என்ன எழுதுவது என்று கேட்டார். முதலில் எழுதியபோது இதை நான் யோசிக்கவே இல்லை. "தாயும் சேயும் நலம் என அறிந்து" என்ற வரி அங்கே போகவே கூடாது. அதற்காக வாழ்த்தாமலும் இருக்காதீர்கள். ஊரே வாயை மூடிக்கொண்டால் அவர்களுக்கு இன்னும் பயமாக இருக்கும். நான் எழுதிக் கொடுத்தது: "பாப்பா வந்துட்டா, வாழ்த்துகள். அவளுக்குத் தெம்பு வர்ற வரைக்கும் உங்க சாப்பாட்டை நாங்க பாத்துக்கறோம். நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல்ல டிபன் கேரியர் குடுத்துட்டுப் போறேன், மேல வரமாட்டேன்." நாள், நேரம், இடம் மூன்றும் இருக்க வேண்டும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லப்போவதில்லை.

ரொம்ப வருசம் காத்திருந்து பிறந்த குழந்தைக்கும் தத்தெடுத்த குழந்தைக்கும் மேலே சொன்ன அதே நாலு வரிதான். எத்தனை வருசம் என்ற கணக்கை எழுதாதீர்கள்.

இன்னொன்று. அம்மாயிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் குரல் பதிவு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனை என்று அத்தைக்கு ஒன்று அனுப்பினேன். கம்பெனியில் நின்று பேசியதால் தையல் மிஷின் சத்தத்தில் "வாழ்த்து" என்பது மட்டும்தான் கேட்டதாம். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று திரும்பப் பேசி அனுப்பினேன். அத்தை அதை முழுச் சத்தத்தில் போட்டிருக்கிறார், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு எழுந்துவிட்டது. இப்போது குரல் பதிவு அனுப்பினால் முதல் வார்த்தையை ரகசியம் பேசுவது போலத்தான் ஆரம்பிக்கிறேன்: "அத்தை, சத்தத்தைக் கொறைச்சுட்டுக் கேளுங்க."